சைசானின் தெற்கு நிழல்

சுயா ஆற்றுப் புல்வெளியில் குலத்துக்கு எலும்பு என்று பெயர், குலத்தலைவருக்குச் சைசான். அங்கே சாகால் எலும்புக்காரர்களை ஆண்டுவந்த பால்தா சைசானுக்கு இரண்டு நிழல்கள். ஒன்று எல்லோருக்கும் விழுவதுபோல் நடுப்பகலில் வடக்கே விழும். மற்றது தெற்கே, வெயில் வரும் திசையிலேயே, சூரியனை நோக்கித் தலை நீட்டிப் படுத்திருக்கும். இதில் வாய்பிளக்க ஒன்றும் இல்லை என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் புல்வெளியின் தெலெங்கித்து மக்கள் அப்போது இரண்டு அரசர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். வடக்கே ரஷ்யர்களின் வெள்ளை அரசனுக்கு வரியாக மரநாய்த் தோல் போகும், தெற்கே மலைக்கு அந்தப் பக்கத்து எஜென் கானுக்கும் மரநாய்த் தோல் போகும். இருவரில் யாருக்குக் கோபம் வந்தாலும் குதிரைப்படை வரும் என்பதால் இரண்டும் தவறாமல் போகும். சைசான் பதவி மூத்த மகனுக்கு. அவனை வெள்ளைக் கம்பளத்தில் உட்கார வைத்து நான்கு பேர் தோளுயரம் தூக்கி இறக்கினால் அன்று மதியமே இரண்டாவது நிழல் வந்து சேர்ந்துவிடும். பால்தாவின் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது, அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான்.

தெற்கு நிழலுக்கு ஒரு தொப்பி உண்டு. எஜென் கான் கொடுத்து அனுப்பிய, உச்சியில் நீலக் குமிழ் வைத்த தொப்பி. பால்தா வெறுந்தலையோடு உட்கார்ந்து தோல் சுரண்டிக்கொண்டிருந்தாலும் நிழல் தொப்பியைக் கழற்றாது. வீட்டுக்குள் நெருப்பு வெளிச்சத்திலும் அது திசை மாறாது. ஆண்கள் பக்கமான தெற்குப் பாதியில், சேணங்களுக்கு நடுவே, நீட்டி நிமிர்ந்து கிடக்கும். மங்கோலியக் காவல்காரர்களோடு மாட்டுத் தகராறு உள்ளவர்கள் சைசானுக்குத் தெற்கே உட்கார்ந்து முறையிடுவார்கள், ரஷ்ய வியாபாரியோடு தகராறு உள்ளவர்கள் வடக்கே. தெற்கே உட்கார்ந்தவர்கள் முறையீட்டைச் சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். அங்கே தேநீர் வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும், உட்கார்ந்த இடம் நெடுநேரம் மரத்துக் கிடக்கும்.

இந்த வீட்டுக்குத்தான் இர்கித் எலும்பில் பிறந்த எர்கெமெய் பத்தொன்பது வயதில் மருமகளாக வந்தாள். மூத்த மகன் மெந்தெஷின் மனைவி. கல்யாணத்தன்று ஒற்றைப் பின்னலைப் பிரித்து இரட்டைப் பின்னலாக்கி, தலையில் கனத்த தொப்பியை வைத்து, மாமியார் அவளிடம் விதிகளைச் சொன்னாள். மாமனாருக்கு முன்னால் தலையைத் திறக்கக்கூடாது, வெறுங்காலைக் காட்டக்கூடாது, முதுகைத் திருப்பக்கூடாது, அவர் பெயரைச் சாகும்வரை வாயில் எடுக்கக்கூடாது. பெயரை மட்டுமல்ல, அந்தச் சத்தம் வருகிற சொல்லையும் எடுக்கக்கூடாது. பால்தா என்றால் கோடாரி. அதனால் எர்கெமெய்க்குக் கோடாரி 'பிளக்கிறது' ஆயிற்று. மெந்தெஷுக்கு இது பெரிய விளையாட்டு.

"ஏங்க, அந்தப் பிளக்கிறதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"எதை?"

"அதான், விறகு பிளக்கிறதை."

"எனக்கு ஒண்ணும் புரியலையே. பேரைச் சொல்லிக் கேளு, எடுத்துத் தர்றேன்."

"விறகும் வேணாம், சோறும் வேணாம், போங்க" என்று அவள் திரும்பிக்கொள்வாள். அவன் சிரித்துக்கொண்டே தானே பிளந்து போட்டுவிட்டுப் போவான். அவளுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது.

நிழல்களை என்ன செய்வது என்று அவள் மாமியாரிடம் கேட்டாள். "ரெண்டும் உன் மாமனார்தான்டி. ரெண்டையும் மிதிக்காதே, ரெண்டுக்கும் முதுகு காட்டாதே" என்றாள் மாமியார். வட்டமான வீட்டில் ஒன்றுக்கு முகம் காட்டினால் மற்றதற்கு முதுகு. எர்கெமெய் பக்கவாட்டில் நடக்கப் பழகினாள். ஒரு நாள் ஆண்கள் பக்கத்திலிருந்து கிழிந்த சேணத்துணியை எடுத்துத் தைக்க வேண்டியிருந்தது. வாசல் வழியே உள்ளே நீண்ட தெற்கு நிழல் குறுக்கே கால் நீட்டிக் கிடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை, மாமனார் வாசலுக்கு வெளியே குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரை மாமா என்று கூப்பிடலாம், நிழலை என்னவென்று கூப்பிடுவது? மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்து, வாய்க்குள்ளேயே, "அக்கரையாரே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றாள். நிழல் காலை மடக்கிக்கொண்டது. வெளியே நின்ற மாமனாரின் கால் மடங்கவே இல்லை. அவள் சேணத்துணியை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் வந்துவிட்டாள். இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மாமனாருக்குத் தானே ஒரு பெயர் வைத்த கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட மருமகளைப் பிறந்த எலும்புக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவள் வந்த மூன்றாவது கோடையில் இரண்டு அரசர்களின் ஆட்களும் சைலுகெம் மலைமுகட்டில் கூடாரம் போட்டு, இரண்டு வாரம் ஆட்டுக்கறி தின்று, முகடு நெடுகக் கற்குவியல்கள் அமைத்துவிட்டுப் போனார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் முழுவதும் இனி வெள்ளை அரசனுக்கு என்றார்கள். பால்தா சைசான் போய்ச் சத்தியம் செய்தார். நீலக் குமிழ் தொப்பியைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். "அவங்க குடுத்தது வேற ஏதாவது உன்கிட்ட இருக்கா?" என்று வெள்ளை அரசனின் அதிகாரி மொழிபெயர்ப்பாளன் வழியாகக் கேட்டார். பால்தா குனிந்து தரையைப் பார்த்தார். அன்று மேகம் மூடியிருந்தது, யாருக்குமே நிழல் இல்லை. "வேற ஒண்ணும் இல்லை" என்றார். அதிகாரியும் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் வெயில் வந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் தெற்கே தோல் போகவில்லை. வழக்கமாகத் தோல்மூட்டை புறப்படுகிற நாளன்று சைசானின் மந்தையிலிருந்த முதல் பொலிகுதிரை, கட்டுக்கயிறு அறுபடாமலேயே, தெற்கு நோக்கி நடந்தது. கூப்பிட்டவர்கள் குரலை அது கேட்கவில்லை. பனியில் அதன் குளம்படிகள் கற்குவியல்வரை தெளிவாக இருந்தன, கற்குவியலுக்கு அப்பால் பனி மட்டும்தான் இருந்தது. பால்தாவின் தம்பி மத்ராய்க்கு எதையும் குத்திச் சொல்லித்தான் பழக்கம். "ஆளுங்க எல்லாருக்கும் சொன்னீங்க, குதிரைக்காரனுக்குச் சொன்னீங்க, வரி நின்னுபோச்சுன்னு. அதுகிட்ட யாராவது சொன்னீங்களா?" என்று தெற்குப் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினான். யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று யாருக்கும் தெரியவும் இல்லை.

நிழலைத் தெற்கே அனுப்பிவிட, ஆவிகளோடு பேசத் தெரிந்த பூசாரியான காம் தொலோனை வசந்தத்தில் வரவழைத்தார்கள். ஒரு குதிரை கூலி என்று பேச்சு. பட்டப்பகலில், வீட்டில் ஆர்ச்சின் என்ற வாசனைச் செடியின் இலையால் புகை போட்டு, எலும்புக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, தொலோன் மத்தளத்தைத் தெற்கு நோக்கித் திருப்பி அடித்தான். பிறகு நிழலைப் பார்த்து, "பால்தா! உன் எஜமான் கூப்பிடுகிறான், எழுந்து போ!" என்றான். எர்கெமெய் அப்போது வயிற்றில் பிள்ளையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நிழல் அசையவில்லை. மாமனார்தான் தலையை நிமிர்த்தினார். மற்ற எல்லோரும் நிழலையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதை அவள் ஒருத்திதான் பார்த்தாள், பார்த்தவுடன் புரிந்துகொண்டாள்: பால்தா என்பது அந்த மனிதரின் பெயர். தெற்கே கிடந்ததை இதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அவளைத் தவிர. நிறுத்துங்கள், அது அந்தப் பெயர் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பெரியவர்கள் கூடிய இடத்தில் மருமகள் வாய் திறப்பதில்லை. திறந்தால், வேறென்ன பெயர் என்று கேட்பார்கள். அவள் சட்டைக் கையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது மாமனார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூன்றாவது முறைக்கு எழுந்து நின்று, வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல் சாதாரணமாக, "இதோ வர்றேன்" என்று சொல்லி அப்படியே சாய்ந்தார்.

வடக்கு நிழல் அவரோடு சுருங்கி மறைந்தது. தெற்கு நிழல் எழுந்து, அவர் உட்கார்ந்திருந்த தலைமை இடத்தில் போய், தொப்பியோடு உட்கார்ந்துகொண்டது. காம் தொலோன் மத்தளத்தை உறையில் போட்டான். குதிரை வேண்டாம், ஓர் ஆடு போதும் என்று சொல்லிக் கிளம்பினான். சாவு வீட்டில் எர்கெமெய் அழுததைப் பார்த்து, மகள்கூட இப்படி அழமாட்டாள் என்று பெண்கள் மெச்சினார்கள். அவள் ஏன் அழுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்பதை அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

கோடையில் மெந்தெஷை வெள்ளைக் கம்பளத்தில் தூக்கினார்கள். நடுப்பகலில் எல்லோரும் சுற்றி நின்று அவன் காலடியைப் பார்த்தார்கள். வடக்கே ஒரு நிழல் இருந்தது. நெடுநேரம் காத்திருந்தும் தெற்கே புல் மட்டும்தான் இருந்தது. "என்னடா மெந்தெஷ், பாதி சைசானாத்தான் வந்திருக்கே?" என்றான் மத்ராய். அன்றிலிருந்து அவனுக்கு அரைச் சைசான் என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, முதுகு திரும்பியதும் எல்லோரும் சொன்னார்கள். வீட்டின் தலைமை இடத்தில் நிழல் உட்கார்ந்திருந்ததால் அவன் அதற்குப் பக்கத்தில், விருந்தாளியைப்போல ஓரமாக உட்கார்ந்தான். பால்சாராயம் அதிகமாகக் குடித்தான். கோடாரியின் பெயரைக் கேட்டு மனைவியைச் சீண்டுவதையும் நிறுத்திவிட்டான். அந்த இலையுதிர்காலத்தில், அதே நாளில், மந்தைநாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு தெற்கே போனது. அதே வாரத்தில் எர்கெமெய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. அர்பின் என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை அழவில்லை. குளிர்காலம் முழுவதும் அழவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாலும் பாதம் ஜில்லென்றே இருந்தது. குடித்துவிட்டு வாயோரம் வழிகிற பாலைத் துடைத்தால் அது உறைபனியில் வெளியே வைத்த பால்போலக் குளிர்ந்திருந்தது. தவழத் தொடங்கியபோது தெற்குப் பக்கம் மட்டுமே தவழ்ந்தான். தூக்கி வடக்கே திருப்பி விட்டால் அப்படியே உட்கார்ந்திருப்பான். கோடை வெயிலில் முதல்முறை வெளியே விட்ட அன்று அவனுடைய பிஞ்சுக் கால்களிலிருந்து தெற்கே ஒரு முழு ஆளின் நிழல் விழுந்தது, தலையில் தொப்பியோடு. வீட்டுக்குள் தலைமை இடம் காலியாகியிருந்தது.

செய்தி புல்வெளி முழுவதும் பரவிவிட்டது. சைசான் பிறந்துவிட்டான் என்று ஜனங்கள் பாலாடைக்கட்டியும் தேயிலைக் கட்டியும் கொண்டுவந்தார்கள். மத்ராய் ஒரு குதிரைக்குட்டியைக் கொண்டுவந்து கட்டி, "இவன் முழுசு" என்றான். மெந்தெஷ் ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தான். மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வெயிலில் நிறுத்திக் காட்டினான். முதல் பனி விழுவதற்கு முன்னால் பையனை வெள்ளைக் கம்பளத்தில் தூக்கிவிடுவது, காம் தொலோன் அவன் பெயர் சொல்லி நிழலை அவனோடு கட்டிவிடுவது, பையன் வளரும்வரை அப்பா அவனுக்காகப் பேசுவது என்று எலும்புக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். நாள் குறித்ததில்தான் ஒரு விஷயம். முன்பெல்லாம் தோல்மூட்டை தெற்கே புறப்படுகிற நாள் அது. நல்ல நாள் என்று அதைத்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அதற்கு முன்பே பையன் இரண்டு முறை காணாமல் போனான். முதல்முறை ஆற்றுத் துறையில் கிடைத்தான். இரண்டாவது முறை சைலுகெம் போகும் பாதையில், குதிரையில் போனாலே ஒரு கிண்ணம் தேநீர் ஆறுகிற தூரத்தில், முழங்கால் கொஞ்சமும் சிராய்க்காமல், தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது எர்கெமெய் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். முதலில் பொலிகுதிரை, அடுத்து நாய். மூன்றாவது யார் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இந்தத் தடவை அது இவனைத்தான் கூட்டிக்கிட்டுப் போகும்" என்றாள் மெந்தெஷிடம்.

"சும்மா இரு. இவன் சைசான். எங்கப்பா முப்பது வருஷம் அதோட இருந்தாரே, அவரை அது தெற்கே கூட்டிக்கிட்டா போச்சு?"

"அப்போ தெற்கே தோல் போச்சு. இப்போ என்னங்க போகுது?"

அவன் குதிரைவாரைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, "நிழல் போயிட்டா மறுபடியும் அரைன்னு சொல்லுவாங்க. நாளைக்கு இவனையும் சொல்லுவாங்க" என்றான்.

"சொல்லட்டுமே! அரைன்னா என்ன? அரைக்கு உசிரு இருக்குல்ல?" அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பையை நெருப்பில் போட்டுவிட்டாள். அவன் அதை எடுத்து, கரியைத் துடைத்து, அவளிடம் கொடுத்தான்.

குறித்த நாளில் வெயில் நன்றாக இருந்தது. வெள்ளைக் கம்பளத்தை விரித்து நடுவில் பையனை உட்கார வைத்தார்கள். அவனிடமிருந்து தெற்கே நிழல் முன்னெப்போதையும்விட நீளமாகக் கிடந்தது. அதன் தொப்பி புல்வெளியில் மலையைப் பார்த்து இருந்தது. நான்கு ஆண்கள் கம்பளத்தின் நான்கு முனைகளையும் பிடித்தார்கள். காம் தொலோன் மத்தளத்தை உயர்த்தினான். அவன் வாயைத் திறந்து, "அர்—" என்பதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து எர்கெமெய் வெளியே வந்துவிட்டாள்.

"நிறுத்துங்க. அது பேரு அது இல்லை."

எலும்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருமகள் ஒருத்தி ஆண்களுக்கு முன்னால் நின்று பேசியதை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. "மருமகளே, உன் இடத்துக்குப் போ" என்றான் மத்ராய்.

"போறேன் சின்ன மாமா. போன தடவை இவரு பேரு தெரியாமக் கூப்பிட்டாரு, யாரு போனாங்கன்னு எல்லாரும் பார்த்தீங்க. நான் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். இந்தத் தடவை சும்மா இருக்க மாட்டேன்."

தொலோன் மத்தளத்தை மெதுவாகக் கீழே இறக்கினான். அவனுக்கும் அந்த வசந்தகாலப் பகல் நெஞ்சில் முள்ளாக இருந்தது. "பேரு தெரிஞ்சவ கூப்பிடட்டும்" என்றான்.

அவள் தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சத்தமாக, எல்லோருக்கும் கேட்க, "அக்கரையாரே!" என்றாள். மலையைப் பார்த்திருந்த தொப்பி திரும்பியது. கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தெற்கே போங்கள் என்று சொல்லிவிடத்தான் எர்கெமெய் நினைத்திருந்தாள். ஆனால் வார்த்தை வாய்க்கு வந்தபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. நிழல் தனியாகப் போவதில்லை. போகச் சொன்னால், கால் உள்ள ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் போகும். இப்போது அது ஒட்டியிருப்பது மகனின் காலில். அதை அங்கிருந்து எடுக்க வேண்டுமென்றால் வேறு காலைக் காட்ட வேண்டும். மாமனாரின் நிழலைக் காலடியில் வைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு பின்னலை அவிழ்க்க முடியாது, தலையைத் திறக்க முடியாது, செருப்பைக் கழற்ற முடியாது. கணவனுக்குப் பக்கத்தில் படுக்க முடியாது. அவளுக்கு இருபத்துநான்கு வயது. இதையெல்லாம் நினைக்க அவளுக்கு எடுத்தது இரண்டு மூச்சு நேரம்தான், ஆனால் முழுவதையும் நினைத்தாள். மெந்தெஷைப் பார்த்தாள். அவன் கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் முனையைக் கீழே விட்டான்.

"பச்சைப்பிள்ளைக் கால்ல நிக்க வேண்டாம். என் காலுக்கு வாங்க" என்றாள்.

நிழல் கம்பளத்திலிருந்து இறங்கிப் புல்லின் மேல் வந்தது. அது கடந்த இடத்தில் புல் வெளுத்தது. அவள் செருப்புகளின் அடியில் வந்து சேர்ந்தபோது பனியாற்றில் இறங்கியதுபோல் குளிர் முழங்கால்வரை ஏறியது, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. கம்பளத்தில் அர்பின் இருமினான். மூக்கைச் சுளித்தான். உடம்பைத் திருப்பி, வடக்கே, அம்மா நின்றிருந்த பக்கம் இரண்டு அடி தவழ்ந்து, கம்பளத்தின் மடிப்பில் தடுக்கிக் குப்புற விழுந்து, பிறந்ததிலிருந்து அழாத அழுகை முழுவதையும் சேர்த்து வீறிட்டு அழுதான். பெண்கள் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெந்தெஷ் ஓடிப்போய் அவனைத் தூக்கினான். "சூடா இருக்கான், கால் சூடா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இது முறையா என்று எலும்புக்காரர்கள் சாயங்காலம்வரை விவாதித்தார்கள். அவளைப் பிறந்த எலும்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அனுப்பினால் நிழலும் சேர்ந்து இர்கித்துகளிடம் போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. கடைசியில் மத்ராய்தான் வழி சொன்னான். வெள்ளை அரசனும் சரி, எஜென் கானும் சரி, மீசை முளைத்தவர்களை மட்டும்தான் தங்கள் ஆட்கள் என்று எழுதுகிறார்கள்; பெண்பிள்ளைக்கு எத்தனை நிழல் இருந்தாலும் ஒப்பந்தம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. மறுவருடம் வந்த அதிகாரி ஆண்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்தபோது எர்கெமெய் பத்தடி தள்ளி, தெற்கே கன்னங்கரேலென்று நிழல் நீண்டு கிடக்க, யாக் எருமை கறந்துகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அந்த நாளில் அவள் சைலுகெம் முகட்டுக்குக் குதிரையில் போவாள். கற்குவியலுக்கு இந்தப் பக்கம் நிற்பாள், நிழல் அந்தப் பக்கம் விழும். வெயில் இறங்கும்வரை அது அங்கே என்ன செய்தது, யாரிடம் என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவள் உப்புத்தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டு அதைக் கூட்டிக்கொண்டு திரும்புவாள். குதிரை, நாய் எதுவும் அதன் பிறகு போகவில்லை. மெந்தெஷ் தலைமை இடத்தில் உட்கார்ந்து வழக்குகளை ஒழுங்காகத் தீர்த்தான். அவன் தீர்ப்புச் சொல்லும்போது ஜனங்கள் மட்டும் கண்ணோரத்தால் பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கம்வரை நீண்டு கிடக்கும் நிழலைப் பார்ப்பார்கள்; பொய்ச்சாட்சி சொல்பவனிடமிருந்து அது காலை இழுத்துக்கொள்ளும்.

இரவில் அவன் நெருப்புக்கு அந்தப் பக்கம் படுத்தான், அவள் இந்தப் பக்கம், தொப்பியும் செருப்புமாக. "அப்பா இருக்காரு" என்று அவன் முதல்நாள் சொன்னான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? இன்னொருத்தியைக் கட்டிக்கொள், ஒரே பிள்ளையை நம்பி இருக்க முடியாது என்று மத்ராய் வருடத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிப்பார்த்தான். "அரைச் சைசானுக்கு ஒருத்தி போதும் சித்தப்பா" என்று மெந்தெஷ் முடித்துவிடுவான். எர்கெமெய் ஈரத்துணியைத் தொப்பிக்குள் விட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டாள். தலை அரித்தது, ஏழு வருடம் அரித்தது. அர்பின் ஓடினான், குதிரையிலிருந்து விழுந்தான், முன்பல் உடைத்துக்கொண்டான், கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எதுவும் வீணாகவில்லை என்று தோன்றும். மற்ற நேரங்களில், மெந்தெஷ் நெருப்புக்கு அப்பால் புரண்டு படுக்கும் சத்தத்தைக் கேட்கும்போது, தன்மேலேயே அவளுக்குப் பரிதாபமாக இருக்கும்.

ஏழாவது கோடையில் அவள் சுயா வளைவு ஒன்றில் தனியாக ஆட்டுரோமம் அலசிக்கொண்டிருந்தாள். நடுப்பகல். குனிந்தபோது மலையிலிருந்து இறங்கிய காற்று ஒரே வீச்சில் தொப்பியைத் தூக்கி ஆற்றில் போட்டது. பின்னல்களைக் கட்டியிருந்த பழைய நூல் இற்றுப்போயிருந்தது. ஏழு வருட முடி முதுகில் சரிந்து விழுந்தது. மறைக்கக் கையில் ஈர ரோமத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மாமனாருக்கு முன்னால் தலைவிரித்து நின்ற மருமகளை என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, ஏனென்றால் அப்படி எவளும் நின்றதில்லை. அவள் குனிந்து பார்த்தாள். காலடியிலிருந்து நிழல் கிளம்பியது. அந்த நேரத்தில் அரை ஆள் நீளம்தான் இருக்க வேண்டும். அது கரையேறி, புதரைத் தாண்டி, இருபது அடிக்கு அப்பால் இருந்த பாறைவரை நீண்டிருந்தது. தோள்வரை தெரிந்தது. தொப்பி வைத்த தலை மட்டும் பாறைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

அவள் கொஞ்சம் நகர்ந்து பார்த்தாள். தலை வெளியே வரவில்லை. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, தோல்பையிலிருந்த புளித்த மோரைத் தலையில் தேய்த்து, ஆற்று நீரில் அலசி, மறுபடி தேய்த்து, மறுபடி அலசி, வெயில் சாயும்வரை முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பின்னிக்கொண்டு, துணியால் தலையை மூடி, ஒரு முறை செருமினாள். நிழல் நிதானமாகத் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து மெந்தெஷிடம் நடந்ததைச் சொன்னாள். அன்று இரவு அவன் நெருப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தபோது தெற்கு நிழல் கம்பளச் சுவரின் அடியைக் கொஞ்சம் உயர்த்தித் தலையை வீட்டுக்கு வெளியே விட்டிருந்தது.

அடுத்த வசந்தத்தில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு நிழல் ஒன்றுதான், வடக்கே. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. எர்கெமெய் அவளை வெயிலில் ஓர் ஆட்டுத்தோலில் போட்டுவிட்டு, தன் தெற்கு நிழல் அவள்மேல் படாதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்து பால் கறந்தாள்.